நம் சோற்றுக்கும் ஒரு குருகுக்கும் என்ன சம்பந்தம்?

"அம்மா, நாம தினமும் ரைஸ் சாப்பிடுறது தப்பா?"

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போன அக்டோபரில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது இப்படிக் கேட்டாள். வகுப்பில் மரே-டார்லிங் ஆற்றுப்படுகையைப் பற்றிப் பாடம். எந்தப் பயிர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு சார்ட் போட்டிருக்கிறார்கள். நெல்லும் பருத்தியும் உச்சியில். "இவ்வளவு வறண்ட நாட்டுல யாராவது நெல் போடுவாங்களா?" என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் இவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். மதியச் சாப்பாட்டுக்குச் சாதம் கொண்டு போவது அந்த வகுப்பில் இவள் ஒருத்திதான்.

நானும் மெல்பர்னில் வளர்ந்தவள்தான். டப்பாவைத் திறக்கும்போது நாலு பேர் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் காலத்தில் வாசனையைக் கேலி செய்தார்கள், அதற்கு ஒரு முறைப்பு போதும். ஆறு செத்துப்போகிறது என்றால் முறைத்துப் பயனில்லை. "நம்ம வீட்டு அரிசி இந்தியாவுலேர்ந்து வருது, இங்க விளைஞ்சது இல்ல" என்று சமாளித்தேன். "அப்போ அங்க இருக்கற தண்ணி?" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நம் பக்கம்தான் குற்றம் இருக்கும் என்று பாதி ஒப்புக்கொண்டேதான் தேடினேன். தேடியதில் கிடைத்தது ஒரு பறவை.

வயலுக்குள் ஒளிந்திருப்பது

அதன் பெயர் ஆஸ்ட்ரலேசியன் பிட்டர்ன். நம்மூர் வாய்க்கால் ஓரங்களில் மஞ்சள் குருகு, செங்குருகு என்று பார்க்கிறோமே, அவற்றின் உறவு. ஆனால் அவற்றைவிடப் பெரியது, பருமனானது. உடம்பெல்லாம் பழுப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கீற்றுகள். ஆள் அரவம் கேட்டால் சட்டென்று பறந்துவிடாது. அலகை வானத்துக்கு நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, காய்ந்த நாணல் தண்டு மாதிரி நின்றுவிடும். காற்றில் நாணல் அசைந்தால் அதுவும் லேசாக அசையும். பத்தடி தூரத்தில் நின்றாலும் நமக்குத் தெரியாது.

காதுக்குத்தான் அது அகப்படும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை அந்தியிலும் இரவிலும் ஆழமான ஒரு முழக்கம் எழுப்பும். பெரிய பானையின் வாயில் ஊதினால் வருமே, அப்படி ஒரு 'பூம்'. இந்த நாட்டுத் தொல்குடி மக்களின் கதைகளில் சதுப்பு நிலங்களில் வாழும் பன்யிப் என்ற பயங்கரப் பிராணி வரும். வெள்ளைக்காரக் குடியேறிகள் இரவில் சதுப்புப் பக்கம் இந்தக் குரலைக் கேட்டு அதுதான் இது என்று நடுங்கியிருக்கிறார்கள். இதனாலேயே 'பன்யிப் பறவை' என்ற பெயரும் இதற்கு நிலைத்துவிட்டது.

தென் ஆஸ்திரேலியப் பகுதிகளிலும் நியூசிலாந்திலும்தான் இந்த இனம் உண்டு. மொத்தமே சில ஆயிரத்துக்குள்தான் இருக்கும் என்று கணக்கு. ஆஸ்திரேலியச் சட்டப்படி 2011-லிருந்து இது அழியும் ஆபத்தில் உள்ள பறவை.

நியூ சவுத் வேல்ஸின் தெற்கே ரிவரினா என்றொரு வட்டாரம். லீட்டன், கிரிஃபித், கொலியாம்பலி என்ற ஊர்களைச் சுற்றி நெல் விளைகிறது. இந்த வயல்களில் பிட்டர்ன் இருப்பது அங்கே விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். எத்தனை, ஏன் வருகின்றன, குஞ்சு பொரிக்கின்றனவா என்பதை யாரும் முறையாக எண்ணியதில்லை. 2012-இல் நெல் விவசாயிகள் சங்கமும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து 'பிட்டர்ன்ஸ் இன் ரைஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதை நடத்துகிறவர் மேட் ஹெரிங் என்ற வனவிலங்கு ஆய்வாளர். வயல் வயலாக நின்று கேட்டும் கூடுகளைத் தேடியும் அவர்கள் கண்டது இது: பெரும்பாலான ஆண்டுகளில் 500 முதல் 1,000 வரை வளர்ந்த பிட்டர்ன்கள் இந்த நெல்வயல்களுக்கு வருகின்றன. உலகில் இதுவரை அறியப்பட்டதிலேயே இந்தப் பறவை மிக அதிகமாகக் குஞ்சு பொரிக்கிற இடம் எந்தத் தேசியப் பூங்காவும் இல்லை, நெல்வயல்.

மறுநாள் காலை மகளிடம் சொன்னேன். "பொய்" என்றாள். சரி, போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று முடிவானது.

கொலியாம்பலியில் ஒரு சாயங்காலம்

டிசம்பர் முதல் வாரக் கடைசியில் கிளம்பினோம். நான், என் கணவர், மகள், ஆறு வயது மகன், எங்களோடு இருக்கும் என் அம்மா. ஷெப்பர்ட்டன் தாண்டி, டொகம்வாலில் மரே ஆற்றைக் கடந்து, ஜெரில்டரி வழியாக நேர்க்கோடு மாதிரி ஒரு சாலை. இருபுறமும் காய்ந்த புல்லும் ஆடுகளுமாக மணிக்கணக்கில் போகும். பிறகு திடீரென்று வாய்க்கால், மடை, பச்சை.

மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த என் அம்மா அதுவரை தூங்கிக்கொண்டு வந்தார். கண்ணைத் திறந்தவுடன், "ஏய், நெல்லுடீ!" என்று கத்தினார். முப்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறார். இங்கே நெல்வயல் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

கொலியாம்பலி 1968-இல் உருவான ஊர். பாசனத்துக்காகவே பிறந்தது. ஊர் முகப்பில் வாய்க்கால் வெட்டிய பிரம்மாண்டமான பழைய இயந்திரம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் தேர் நிற்குமே, அந்த மாதிரி. என் மகன் அதைவிட்டு வர மாட்டேன் என்றான்.

கணவரின் நண்பர் மூலம் அறிமுகமான ஒரு விவசாயி எங்களை வரச் சொல்லியிருந்தார். வாசலிலேயே எல்லோருடைய செருப்பையும் ஷூவையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். வெளிக் களை விதையோ நோயோ வயலுக்குள் வந்துவிடக் கூடாது. பிறகு பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தோம். வரப்பு என்றால் கார் போகிற அகலம். பயிர் முழங்காலுக்கு மேல் நின்றது, அடியில் தண்ணீர்.

அம்மா அவரிடம் கேட்க ஆரம்பித்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். நாற்று நடுவதுண்டா? இல்லை, ஆளுக்கு எங்கே போவது. பிறகு எப்படி? முன்பெல்லாம் வயலில் தண்ணீர் கட்டிவிட்டு, முளைகட்டிய விதையை விமானத்திலிருந்து தூவுவார்களாம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாங்க சாக்குல கட்டி நனைச்சு மொளைய வச்சு நாத்தங்கால்ல தெளிப்போம். இவங்க ஏரோபிளேன்ல ஏறித் தெளிக்கிறாங்களா?" ஹெக்டேருக்குப் பத்து டன் எடுப்போம் என்று அவர் சொன்னபோது, நான் தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்றே நினைத்தார். தப்பில்லை. விளைச்சலில் உலகின் முன்வரிசையில் இருக்கும் வயல்கள் இவை.

இருட்டத் தொடங்கியது. கொசு. தவளைச் சத்தம் நாலு பக்கமும். மோட்டார் சைக்கிள் கியர் மாற்றுகிற மாதிரி உறுமுகிற ஒன்று தனியாகக் கேட்டது. அது தெற்கத்திய மணித்தவளை, அதுவும் ஆபத்துப் பட்டியலில் இருப்பதுதான் என்றார் விவசாயி. அரை மணி நேரம் நின்றோம். மகன் அப்பா தோளில் தூங்கிவிட்டான். "வராது போல" என்று மகள் முணுமுணுத்தாள்.

"சும்மா இரு" என்றார் அம்மா. "அதோ."

எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா விரல் நீட்டிய பக்கம் காதைக் கொடுத்தோம். தவளைகளுக்கு அடியில், தரையிலிருந்து வருகிற மாதிரி ஒன்று. பூம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி பூம். காதில் விழுந்ததைவிட நெஞ்சில் தட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பறவை கடைசிவரை கண்ணில் படவில்லை.

எவ்வளவு தண்ணீர் இல்லை, எப்போது தண்ணீர்

திரும்பி நடக்கும்போது விவசாயி சொன்ன விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

பிட்டர்னுக்கு நெல் மேல் தனிப் பிரியம் எதுவும் இல்லை. அதற்கு வேண்டியது உயரமாக, அடர்த்தியாக நிற்கிற செடி, அதனடியில் ஆழமில்லாத தண்ணீர், தண்ணீரில் தவளையும் தலைப்பிரட்டையும் மீனும். பெண் பறவை தாள்களை மடக்கித் தண்ணீருக்கு மேலே மேடை மாதிரி கூடு கட்டும். முட்டை பொரியச் சுமார் மூன்றரை வாரம். குஞ்சு பறக்க மேலும் பல வாரங்கள். அதுவரை தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் வடிந்தால் இரை போகும், நரியும் பூனையும் நடந்தே உள்ளே வந்துவிடும்.

நெல்லுக்கோ அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்தாக வேண்டும். மார்ச்சிலிருந்து அறுவடை. அக்டோபரிலேயே வயலில் தண்ணீர் கட்டினால் நவம்பர், டிசம்பரில் பறவை வந்து, கூடு கட்டி, குஞ்சுகளைப் பறக்க வைத்துவிட நேரம் இருக்கிறது. ஆனால் இப்போது பலர் காய்ந்த மண்ணில் இயந்திரத்தால் விதைத்து, இடையிடையே பாய்ச்சி, டிசம்பர் பிற்பகுதி வரைகூடத் தாமதித்துத்தான் நிலையாகத் தண்ணீர் கட்டுகிறார்கள். அதில் நிறையத் தண்ணீர் மிச்சம். பயிருக்கு நஷ்டம் இல்லை. பறவைக்கு மட்டும் நாள் போதாது. குஞ்சுக்குச் சிறகு முளைப்பதற்குள் வயல் வடிந்து, அறுவடை மிஷின் வந்துவிடும்.

என் மகளின் சார்ட்டில் தண்ணீரைச் சேமிப்பது எப்போதும் நல்ல பக்கத்தில்தான் இருந்தது. இங்கே சேமிப்பே ஒரு பறவையின் பருவத்தைக் காலி செய்கிறது. வயல் அதேதான், பயிரும் அதேதான். தண்ணீர் வந்த தேதி மட்டும் வேறு.

இதை மொழிபெயர்த்தபோது எங்கள் எல்லோரையும்விட முதலில் புரிந்துகொண்டது அம்மா. "இது தெரியாதா? மேட்டூர் அணை ஜூன் பன்னெண்டு தொறந்தா குறுவை உண்டு. தள்ளிப் போனா குறுவை போச்சு. தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு அப்புறம்தான் கேப்போம். என்னிக்கு வந்துச்சுன்னுதான் முதல்ல."

அடுத்து அம்மாவால் நம்பவே முடியாத ஒன்றைக் கேட்டார். இங்கே தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து தனியானது. ஒவ்வொரு வருஷமும் அணைகளில் இருப்பதைப் பார்த்து, உரிமையில் இத்தனை சதவீதம் என்று அரசு அறிவிக்கும். விவசாயி அதை வைத்து நெல் போடலாம், பருத்தி போடலாம், அல்லது தண்ணீரையே சந்தையில் விற்றுவிடலாம். பாதாம் தோப்புக்காரர்கள் நல்ல விலை கொடுத்தால் நெல் போடுவதைவிட விற்பது லாபம். "தண்ணிய விக்கிறதா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார்.

இந்தக் கணக்குக்கு நடுவில்தான் பறவை மாட்டிக்கொண்டிருக்கிறது. 2001-இல் ஆஸ்திரேலியாவில் விளைந்த நெல் 16 லட்சம் டன்னுக்கு மேல். நீண்ட வறட்சியில் 2008-இல் அது 20,000 டன்னுக்கும் கீழே போனது. அத்தனை வயலும் காய்ந்து கிடந்தால் அந்த வருஷம் பிட்டர்ன் எங்கே கூடு கட்டும்?

முன்கூட்டியே தண்ணீர் கட்டுகிற விவசாயிக்குக் கூடுதல் செலவை ஈடுகட்ட ஊக்கத்தொகை தருவது ஒரு வழி. அப்படி முயன்றும் பார்த்திருக்கிறார்கள். எல்லா வயலும் வேண்டாம், சில வயல்கள் போதும். வரப்பில் புல்லை விட்டுவைப்பது, நரியைக் கட்டுப்படுத்துவது, கூடு இருக்கும் இடத்தை அறுவடையின்போது கவனிப்பது எல்லாம் செலவு குறைந்த உதவிகள். "எனக்கு இது பிடிச்சிருக்கு, செய்றேன். ஆனா பேங்க்குக்குப் பறவை பிடிக்காது" என்றார் அவர். வேறு புகார் எதுவும் சொல்லவில்லை.

வயல் மட்டும் போதுமா?

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்போ அந்தப் பையன் சொன்னது தப்பு. ரைஸ் நல்லது. கரெக்ட்டா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான். நம் சாப்பாட்டுக்குக் கிடைத்த நல்ல சாட்சியை யார் விடுவார்கள்? ஆனால் அது முழு உண்மை இல்லை. மரம்பிட்ஜி ஆறு ஒரு காலத்தில் தானாகவே கரை தாண்டி வெள்ளம் விட்டு, கீழே பெரிய நாணல் காடுகளை நனைத்துக்கொண்டிருந்தது. பிட்டர்னின் பழைய வீடு அதுதான். பரிஞ்ஜக் அணையும் பிளவரிங் அணையும் கட்டி, ஆற்றை வாய்க்காலுக்குத் திருப்பிய பிறகு வெள்ளம் குறைந்தது, சதுப்புகள் சுருங்கின. வீட்டை இழந்த பறவை அதே தண்ணீரைத் தேடி வயலுக்கு வந்தது. பறவையைத் துரத்தியதிலும் பாசனத்துக்குப் பங்குண்டு, அதற்கு இடம் கொடுத்ததிலும் உண்டு. ஆற்றுக்குத் தண்ணீர் திரும்பவும் வேண்டும், சில வயல்களில் நேரத்தோடு நிற்கவும் வேண்டும்.

2015-இல் நெல்வயலில் பிடித்து, முதுகில் சிறு செயற்கைக்கோள் கருவி கட்டிப் பறக்கவிட்ட முதல் பிட்டர்னுக்கு ராபி என்று பெயர் வைத்தார்கள். அறுவடைக் காலம் வந்ததும் அது 500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, தென் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் பிக் ஸ்வாம்ப் என்ற சதுப்பில் போய் இறங்கியது. மேய்ச்சலுக்காக வடித்துக் காயவைக்கப்பட்டு, பிறகு மீண்டும் தண்ணீர் விட்டு மீட்டெடுத்த இடம் அது. ஒரே பறவையின் ஒரு வருஷத்துக்கு விவசாயியின் வயலும் வேண்டியிருந்தது, மீட்ட சதுப்பும் வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலிய நிலத்தில் பாதிக்கு மேல் விவசாயிகள், மேய்ச்சல்காரர்கள் கையில் இருக்கிறது. இந்த நாட்டு உயிர்களைப் பூங்காக்களுக்குள் மட்டும் வைத்துக் காப்பாற்றிவிட முடியாது. நம் பிள்ளைகள் படிக்கிற படங்களில் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பண்ணை. நடுவில் கோடு. ராபிக்கு அந்தக் கோடு தெரியாது.

மகளிடம் இவ்வளவும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சார்ட்டில் இன்னொரு வரிசை சேர்த்தாள். 'எவ்வளவு?' என்பதற்குப் பக்கத்தில் 'எப்போது?'

நீங்களும் பிள்ளைகளோடு போகிறீர்களா?

* நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, சூரியன் மறைந்த பிறகு போனால் குரல் கேட்க வாய்ப்பு அதிகம். காற்று இல்லாத நாளாகப் பாருங்கள்.
* வயல் எல்லாம் தனியார் இடம். அழைப்பில்லாமல் வரப்பில் இறங்கக் கூடாது. பொதுச் சாலை ஓரம் பத்திரமான இடத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.
* போனில் பிட்டர்ன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். வேறொரு ஆண் வந்துவிட்டது என்று பறவை கலவரப்படும்.
* லீட்டன் பக்கத்தில் ஃபைவ்பாவ் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. ராம்சர் ஒப்பந்தப்படி காக்கப்படுவது. நடைபாதையும் பறவை பார்க்கும் மறைவிடங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே சுலபம்.
* மூடிய ஷூ, நீளக் கால்சட்டை, கொசு மருந்து, டார்ச் கட்டாயம். பாம்பு உள்ள பகுதி.
* கடையில் அரிசி வாங்கும்போது பையின் பின்புறம் கங்காரு முத்திரையையும் அதன் கீழுள்ள பட்டையையும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஆஸ்திரேலியாவில் விளைந்தது எவ்வளவு என்று தெரியும். ஒரே பிராண்டில் இங்கே விளைந்ததும் இருக்கும், இறக்குமதியும் இருக்கும்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு இன்னும் பொன்னிதான். அதை அம்மா விடமாட்டார். ஆனால் ரிவரினாவில் விளைகிற நடுத்தர மணி அரிசி நன்றாகக் குழையும். தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் ஏற்றது. இந்த வருஷம் தைப்பொங்கலுக்கு அதையே பானையில் போட்டோம்.

ஜனவரி நடுவில் ஊரில் அறுவடை நேரம். இங்கே அப்போதுதான் நெல் சூல் பிடிக்கிறது. இரவுக் குளிர் இளங்கதிரைத் தாக்காமலிருக்க விவசாயிகள் அந்த வாரங்களில்தான் வயலில் தண்ணீரை அதிக ஆழத்துக்கு ஏற்றுவார்கள். பால் பொங்கியபோது மகள் அம்மாவைக் கேட்டாள்: "பாட்டி, இப்ப அங்க குஞ்சு பொரிச்சிருக்குமா?"

"தண்ணி நேரத்துக்கு வந்திருந்தா பொரிச்சிருக்கும் கண்ணு" என்றார் அம்மா.